செகண்ட் ஹேண்ட் டிஐ-83 ப்ளஸ்: எழுத்து நல்லா தெரியுது, கிராஃப்ல மட்டும் கோடு கோடா காணாம போகுது. என்னவா இருக்கும்?

ஜூரோங்வாசி
வணக்கம் மக்களே. இங்க பழைய எலக்ட்ரானிக்ஸ நோண்டுற ஆளுங்க நிறைய இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்குறேன். சிங்கப்பூர்ல ஹெச்2 கணக்கு (ஏ லெவல் கணக்குப் பாடம்) எடுத்த பிள்ளைங்க ஜேசி, அதாவது ஜூனியர் காலேஜ், முடிச்சதும் கிராஃபிங் கால்குலேட்டர வித்துடுவாங்க, இல்லன்னா வீட்ல எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்க. அப்படி ஒரு வீட்ல வருஷக்கணக்கா கிடந்த டிஐ (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) கம்பெனியோட டிஐ-83 ப்ளஸ் ஒன்னு சல்லிசா கிடைச்சுது. ஸ்க்ரீன்ல கொஞ்சம் ப்ராப்ளம்னு சொல்லித்தான் குடுத்தாங்க, அதுல ஒன்னும் குறை இல்ல.

ஆன் ஆகுது, பட்டன் எல்லாம் வேலை செய்யுது, 2+2 போட்டா 4 பளிச்சுனு வருது. ஆனா எக்ஸ் ஸ்கொயர் போட்டு கிராஃப் அமுக்குனா வளைவு நடுநடுவுல அறுந்து அறுந்து வருது, மேல இருந்து கீழ வரைக்கும் நேர் கோடா சில இடத்துல ஒன்னுமே வரல. திரும்ப ஹோம் ஸ்க்ரீன் போனா எழுத்து முழுசா இருக்கு!! எல்சிடி போயிடுச்சுன்னா எழுத்தும் தானே போகணும்? தலைய பிச்சிக்கலாம் போல இருக்கு.

ஈயப்பொடி
கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ஹலோங்க. மொதல்ல மூணு விஷயம் சொல்லுங்க. பேட்டரி போடுற இடத்துல வெள்ளையாவோ பச்சையாவோ பூத்துப் போயிருக்கா? ஸ்க்ரீன் ஃப்ரேம லேசா அமுக்கிப் பிடிச்சா ஏதாவது மாறுதா? கான்ட்ராஸ்ட் கூட்டிக் கொறச்சுப் பாத்தீங்களா, செகண்ட் (2nd) பட்டன அமுக்கி விட்டுட்டு மேல் அம்பை பிடிச்சுக்கிட்டே இருக்கணும், மேல வலது மூலைல 0 லருந்து 9 வரைக்கும் நம்பர் ஓடும். இந்த மூணுக்கும் பதில் தெரியாம கழட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்க.

மில்பிடாஸ்_மாமா
இதுக்கெல்லாம் எதுக்குப்பா இவ்வளவு மெனக்கெடல். இங்க த்ரிஃப்ட் ஸ்டோர்ல இந்த மாடல் அடிக்கடி கண்ல படும். இன்னொன்னு வாங்கி ஸ்க்ரீன மாத்திப் போடு, வேலை முடிஞ்சுது. எல்சிடின்னா ஒன்னு இருக்கும் இல்ல செத்திருக்கும், நடுவுல ஒன்னும் கிடையாது.

ஜூரோங்வாசி
@ஈயப்பொடி அண்ணே, பேட்டரி கூட்டுல ஒரு ஸ்ப்ரிங் பச்சை புடிச்சிருக்கு, ஓரத்துல வெள்ளைப் பொடி. ஃப்ரேமோட கீழ் பக்கம் அமுக்குனா கிராஃப் முழுசா வருது, கைய எடுத்தா திரும்பக் கோடு போயிடுது. அப்புறம் ஒரு அதிசயம் கேளுங்க, கான்ட்ராஸ்ட் மாத்தும்போது நம்பர் மட்டும் ஏறுது இறங்குது, ஸ்க்ரீன் அப்படியே தான் இருக்கு. ஆனா ஃப்ரேம அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மாத்துனா மாறுது, கைய எடுத்த பிறகும் அந்த கான்ட்ராஸ்ட்லயே நிக்குது. இது என்ன மாயம்னே புரியல.

@மாமா இங்க ஷிப்பிங் சேத்தா கட்டுபடி ஆகாது, அதுவும் இல்லாம ரிப்பேர் பண்றது தான் எனக்கு ஜாலி.

நிலா_கணக்கு
இருங்க இருங்க, யாரும் எதையும் மாத்தாதீங்க. இந்த கான்ட்ராஸ்ட் விஷயம் தான் இங்க முக்கியமான துப்பு. நான் காலேஜ் டைம்ல இந்த மெஷினுக்கு அசெம்ப்ளி (ப்ராசசர்கிட்ட நேரா பேசுற ப்ரோக்ராம் மொழி) எழுதியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

இதுக்குள்ள இருக்குற ப்ராசசர் இசட்80, 6 மெகாஹெர்ட்ஸ். அது நேரா கண்ணாடிகிட்ட பேசாது. டிஸ்ப்ளே போர்டுல டி6ஏ04ன்னு தோஷிபாவோட ட்ரைவர் சிப் இருக்கு, அந்த சிப்புக்கு எட்டு டேட்டா லைன் (டி0ல இருந்து டி7 வரைக்கும்) வழியா ஒவ்வொரு பைட்டா போகும். ஸ்க்ரீன் 96க்கு 64 புள்ளி. ஒரு பைட் அனுப்புனா பக்கத்து பக்கத்துல இருக்குற எட்டு புள்ளி, அப்ப ஒரு வரிசைக்கு 12 பைட், மொத்தம் 768 பைட். இப்போ அந்த எட்டு லைன்ல ஒன்னு அறுந்து போய் எப்பவும் பூஜ்யமாவே படிச்சுதுன்னா என்ன ஆகும்? ஒவ்வொரு பைட்லயும் அதே இடத்துல இருக்குற புள்ளி வராது, அதாவது எட்டு எட்டு காலத்துக்கு (காலம்னா மேல இருந்து கீழ போற புள்ளி வரிசை) ஒன்னு, மொத்தம் 12 செங்குத்துக் கோடு காணாம போகும். கண்ணாடில எந்தக் குறையும் இல்லாமலே!

சரி அப்ப எழுத்து மட்டும் எப்படி தப்பிக்குதுன்னு கேப்பீங்க. அந்த சிப்புக்கு ரெண்டு மோட் உண்டு, எட்டு பிட் ஒன்னு ஆறு பிட் ஒன்னு. ஹோம் ஸ்க்ரீன்ல ஒரு வரிக்கு 16 எழுத்து தானே, 16ஐ ஆறால பெருக்குனா 96. இந்த பெரிய சைஸ் எழுத்து போடும்போது ஓஎஸ் ஆறு பிட் மோடுக்குப் போயிடும், அப்போ கீழ இருக்குற ஆறு லைன் மட்டும் தான் புள்ளிக்கு வேணும், மேல இருக்குற டி6, டி7 ரெண்டும் சும்மா. அதனால அறுந்தது டி6 அல்லது டி7ல ஒன்னு.

எதுன்னு கான்ட்ராஸ்ட் சொல்லிடுது. கமாண்டும் அதே எட்டு லைன்ல தான் போகும். கான்ட்ராஸ்ட் கமாண்டுக்கு டி7, டி6 ரெண்டுலயும் 1 இருக்கணும். எந்த வரிசைல எழுதணும்னு சொல்ற கமாண்டுக்கு டி7 ஒன்னு, டி6 பூஜ்யம். டி7 போயிருந்தா வரிசையே தப்பிப் போய் எழுத்தெல்லாம் குப்பையா வந்திருக்கும், உங்களுக்கு அப்படி இல்ல. டி6 போயிருந்தா கான்ட்ராஸ்ட் கமாண்ட் போய்ச் சேரும்போது வரிசை கமாண்டா மாறிடும், ஓஎஸ் எப்படியும் அடுத்து எழுதுறதுக்கு முன்னாடி வரிசைய சரியா சொல்லிக்கும், அதனால வெளில ஒன்னும் தெரியாது, கான்ட்ராஸ்ட் மட்டும் அசையாது. நீங்க அமுக்குனப்போ லைன் ஒட்டுது, கமாண்ட் சரியா போகுது, சிப் அத ஞாபகம் வச்சுக்குது. என் பந்தயம் டி6 மேல.

ஜூரோங்வாசி
அடேங்கப்பா. சகோ நீங்க எங்க இருந்தீங்க இவ்வளவு நாளா.

நிலா_கணக்கு
சகோ இல்ல, அக்கா :) நான் சொன்னத நம்ப வேணாம், சோதிச்சுப் பாருங்க. ஜூம்ல 6 போட்டு ஸ்டாண்டர்ட் வின்டோ வைங்க. அப்புறம் செகண்ட், ப்ரோக்ராம், 7 அமுக்குனா ஷேட் வரும், அதுல -10 கமா 10 குடுத்து என்டர் போடுங்க. ஸ்க்ரீன் முழுக்க கருப்பாகணும். வெள்ளையா நிக்குற கோட்டையெல்லாம் எண்ணுங்க. 12 கோடு, சம இடைவெளி, முதல் கோடு இடது ஓரத்துல இருந்து ரெண்டாவது காலம்னா டி6. இடைவெளி கன்னாபின்னான்னு இருந்தா, இல்ல ஹோம் ஸ்க்ரீன்லயும் அதே இடத்துல கோடு இருந்தா, கண்ணாடிக்கும் ட்ரைவருக்கும் நடுவுல ஒட்டு விட்டிருக்குன்னு அர்த்தம், அது வேற தலைவலி.

மில்பிடாஸ்_மாமா
சரி நான் சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா இது சுவாரசியமா இருக்கு. 96க்கு 64ன்னா காசியோ 1985ல விட்ட எஃப்எக்ஸ்-7000ஜியும் அதே தான், உலகத்துலயே கடைக்கு வந்த முதல் கிராஃபிங் கால்குலேட்டர் அது. 2004ல வந்த டிஐ-84 ப்ளஸும் அதே 96க்கு 64. இருபது வருஷமா ஒரு புள்ளி கூட ஏறல பாத்துக்கோ. கலர் ஸ்க்ரீன் 84 2013ல தான்.

ஸ்காபரோ_பெடியன்
ஓம் எனக்கும் உப்பிடி ஒண்டு இருந்தது, ஹைஸ்கூல் காலத்தில வேண்டின 83 ப்ளஸ். அதில கோடு ஹோம் ஸ்க்ரீன்லயும் கிராஃப்லயும் ஒரே இடத்தில நிண்டது. கழட்டிப் பாத்தன், கண்ணாடி விளிம்பில ஒட்டியிருக்கிற மெல்லிய பட்டை கிளம்பியிருந்தது. அதுக்கு ஈயம் வைக்கேலாது, கார்பன் மையும் பசையும் தான், சூடு காட்டி அமத்த வேணும். உங்கட கேஸ் அது இல்லை எண்டு நிலாக்கா சொல்லுறது சரி போலத்தான் கிடக்கு. அமத்தினா சரி வாறது எண்டா கேபிள் தான்.

ஜூரோங்வாசி
12 கோடு! சம இடைவெளி! முதல் கோடு ரெண்டாவது காலம்! பூதக்கண்ணாடி வச்சு எண்ணிட்டேன். அக்கா காலத் தொட்டு கும்பிடணும் போல இருக்கு.

இப்போ எப்படி திறக்கிறது? பின்னாடி ஸ்க்ரூ நட்சத்திரம் மாதிரி இருக்கு.

ஈயப்பொடி
அது டார்க்ஸுங்க, டி6 சைஸ். இந்த டி6 வேற, நிலா மேடம் சொன்ன டி6 வேற, கொழப்பிக்காதீங்க ஹாஹா. பேட்டரி கூட்டுக்குள்ளயும் ஒரு ஸ்க்ரூ இருக்கும், பேக்கப் பேட்டரி மூடிகிட்ட, அது சாதா ப்ளஸ். அதை மறந்துட்டு நெம்புனா கேஸ் வெடிச்சுடும். நாலு ஏஏஏவையும் எடுத்துருங்க, உள்ள இருக்குற சிஆர்1616 காயின் செல்லையும் எடுத்துருங்க. ரெண்டையும் எடுத்தா ரேம்ல இருக்குறது போயிடும், ப்ரோக்ராம் ஏதாவது வேணும்னா மொதல்லயே ஆர்க்கைவ்ல போட்டுக்கங்க, அது ஃப்ளாஷ்ல இருக்கும், அழியாது.

கேஸை ஒரு பக்கமா ஸ்பட்ஜரோ (நெம்புற பிளாஸ்டிக் தகடு) பழைய ஏடிஎம் கார்டோ விட்டு மெதுவா பிரிங்க. உள்ள மெயின்போர்டு, மேல டிஸ்ப்ளே போர்டு, ரெண்டுக்கும் நடுவுல பட்டையா ஒரு கேபிள் போகும். பேட்டரி இடம் ஸ்க்ரீனுக்கு நேர் பின்னாடி தானே, ஒழுகுனா தண்ணி நேரா அங்க தான் எறங்கும். கேபிள் போர்டோட சேர்ற இடத்துல பச்சையா இருக்கும் பாருங்க. ஃபோட்டோ எடுத்து வச்சுட்டு தொடுங்க.

சுத்தம் பண்றதுக்கு ஒரு வார்த்தை. நெட்ல பாதிப் பேரு சோடா உப்பு போடச் சொல்லுவாங்க, அது பழைய கார்பன் ஜிங்க் செல்லுக்கு, அதுல ஒழுகுறது ஆசிட் பக்கம். ஆல்கலைன்ல ஒழுகுறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது காரம், காரத்து மேல சோடா போட்டா என்ன புண்ணியம். வினிகர், இல்லன்னா எலுமிச்சை சாறு, இயர்பட்ல தொட்டு அழுக்கு இருக்குற எடத்துல மட்டும். நுரை அடங்குனதும் சுத்தத் தண்ணி தொட்ட பட், அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் (ஐபிஏ). வினிகர அப்படியே விட்டுட்டா அது காப்பரத் தின்னும். ஊத்தாதீங்க, கண்ணாடிக்கு அடில போயிட்டா வெளிய எடுக்கவே முடியாது.

ஸ்காபரோ_பெடியன்
கழட்டேக்க கண்ணாடிக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் தாளை நகத்தால சுரண்டாதேங்கோ, அது போலரைசர், அது இல்லாட்டி எழுத்தே தெரியாது. கீறல் விழுந்தா காலம் முழுக்க பாத்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஜூரோங்வாசி
திறந்தாச்சு. நீங்க சொன்ன மாதிரியே கேபிளோட மெயின்போர்டு பக்கம் மூணு நாலு கால்ல பச்சை. வினிகர், தண்ணி, ஐபிஏ எல்லாம் ஆச்சு. மல்டிமீட்டர கன்டினியூட்டில வச்சு ஒவ்வொரு காலா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தொட்டுப் பாத்தேன், ஒன்னே ஒன்னு தான் பீப் அடிக்கல. பக்கத்துல இருக்குறது அடிக்குது ஆனா மீட்டர்ல எதிர்ப்பு கொஞ்சம் அதிகமா காட்டுது. இப்போ கேபிள சூடு பண்ணி அமுக்கவா, ஒயர் போடவா? யூட்யூப்ல ஒருத்தர் ஹேர் ட்ரையர் காட்டுறாரு, ஒருத்தர் அயன காட்டுறாரு.

மில்பிடாஸ்_மாமா
ஹேர் ட்ரையர் போதும்பா. பசை இளகும், விரலால அமுக்கு, ஆறுற வரைக்கும் விடாத.

ஈயப்பொடி
மாமா சொல்றது பசை விட்டுப் போன கேபிளுக்குச் சரி. இது அரிச்சுப் போனதுங்க. அடில காப்பர் மேல உப்பு ஏறி இருக்கும்போது மேல இருந்து எவ்வளவு சூடு காட்டுனாலும் ஒரு மாசமோ ரெண்டு மாசமோ தான், மழைக்காலம் வந்தா திரும்பப் போகும், சிங்கப்பூர் ஈரத்துக்கு கேக்கவே வேண்டாம். என் ஓட்டு ஒயருக்கு.

ஆனா கேபிள் மேல நேரா ஈயம் வைக்காதீங்க, அந்த ஃபிலிம் சுருண்டு பக்கத்துக் காலையும் இழுத்துட்டுப் போயிடும். மீட்டர் ஒரு முனைய கேபிள் சேர்ற கால்ல வச்சுக்கிட்டு, அதே டிராக் மெயின்போர்டுல வேற எங்க போய் எட்டிப் பாக்குதுன்னு தேடுங்க, சின்ன வட்டமா ஒரு வயா இருக்கும், இல்ல டெஸ்ட் பேட். டிஸ்ப்ளே போர்டு பக்கமும் அதே மாதிரி. கேபிள விட்டுட்டு அந்த ரெண்டு புள்ளிய மெல்லிசு எனாமல் ஒயர்ல இணைங்க. பச்சை மாஸ்க்க பிளேடால சுரண்டி காப்பர் பளபளன்னு தெரிஞ்சதும் ஃப்ளக்ஸ், கொஞ்சூண்டு ஈயம். அயன் கூர் முனை, 320 டிகிரி, ரெண்டு செகண்டுக்கு மேல வைக்காதீங்க.

ஸ்காபரோ_பெடியன்
நான் ஈயப்பொடி அண்ணை பக்கம். ஒயரைக் கொஞ்சம் நீளமா விடுங்கோ, மூடேக்க ரெண்டு போர்டும் விலகும், இறுக்கமா இருந்தா பேட்டை உரிச்சுக் கொண்டு வந்திடும். மேல கப்டான் டேப் (சூடு தாங்குற டேப்).

மில்பிடாஸ்_மாமா
ரெண்டு பேரும் சேந்துட்டீங்க. அரிச்ச இடத்துல ட்ரையர் வேலைக்கு ஆகாதுன்னு ஒத்துக்குறேன், ஆனா புதுசா சால்டர் பழகுறவன் கைல அயன குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

ஜூரோங்வாசி
மாமா நான் சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல அரை சம்பளத்த விடுற ஆளு, அயன் பழக்கம் உண்டு. இந்த வாரம் ஒயர் வாங்கிட்டு வந்து பண்றேன்.

நிலா_கணக்கு
ஒரு சந்தேகம், பக்கத்துல எதிர்ப்பு கூட காட்டுற கால் இருக்குல்ல, அதையும் சேத்து போட்டுருங்க. அது டி5வா இருந்து நாளைக்குப் போச்சுன்னா அப்ப எழுத்தும் போகும். ஆறு பிட் மோட்ல டி5 தான் எழுத்தோட இடது ஓரம், 1 எல்லாம் தப்பிக்கும் ஆனா 8ம் 3ம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும். கால்குலேட்டர்ல அதை விட மோசமான பழுது எனக்குத் தோணல. ஒன்னுமே தெரியலன்னா தூக்கிப் போட்டுடுவோம், 8ஐ 3ன்னு காட்டுனா நம்பிடுவோம்.

மில்பிடாஸ்_மாமா
நம்பரே பொய் சொல்லும்ங்கிறியா, பயமா இருக்கேம்மா. அது சரி, இந்த மெஷினோட ஓஎஸ் கையெழுத்து சாவி (ஓஎஸ் கம்பெனி விட்டது தானான்னு சரிபாக்குற ரகசிய எண்) 512 பிட் ஆர்எஸ்ஏ, 2009ல பெஞ்சமின் மூடின்னு ஒருத்தர் வீட்டு கம்ப்யூட்டர்ல உடைச்சாரே, அப்போ நம்ம ஆபீஸ்ல ஒரு வாரம் அதே பேச்சு. கம்பெனி லீகல் நோட்டீஸ் விட்டு இன்னும் ஃபேமஸ் ஆக்கி விட்டாங்க. ரிப்பேர் ஆச்சுன்னா அந்தப் பக்கமும் எட்டிப் பாரு தம்பி.

ஜூரோங்வாசி
முடிஞ்சுது மக்களே!! ரெண்டு லைனுக்கும் ஒயர் போட்டாச்சு. மெயின்போர்டு பக்கம் வயா கிடைச்சுது, டிஸ்ப்ளே போர்டு பக்கம் தான் தேடித் தேடி கடைசில ட்ரைவர் கிட்ட ஒரு சின்ன பேட் மாட்டுச்சு. மூடுறதுக்கு முன்னாடியே ஏஏஏ மட்டும் போட்டு ஆன் பண்ணேன், மொதல்ல ஸ்க்ரீன் காலி, திக்குன்னு ஆயிடுச்சு, அப்புறம் தான் உறைச்சுது ரேம் அழிஞ்சு கான்ட்ராஸ்ட் இறங்கி இருக்குன்னு. செகண்ட், மேல் அம்பு, பளிச்சுனு ரேம் க்ளியர்டுன்னு வந்து நின்னுச்சு. ஷேட் போட்டா முழுக் கருப்பு, ஒரு வெள்ளைக் கோடு இல்ல. ஃப்ரேம அமுக்குனாலும் ஆட்டுனாலும் மாறல.

ஒரே ஒரு பாக்கி. வலது கீழ் மூலைல லேசா நிழல் மாதிரி இருக்கு, 9க்கு பக்கத்துல கான்ட்ராஸ்ட் வச்சா தான் தெரியுது. அதுவும் கேபிளா?

ஈயப்பொடி
சூப்பருங்க! நிழல் கேபிள் இல்ல, கேபிள்னா கோடா வரும். சாதா கான்ட்ராஸ்ட்ல தெரியலைன்னா விட்டுருங்க, போலரைசர் ஓரம் ஈரத்துல கொஞ்சம் மங்கியிருக்கும். மை ஊத்துன மாதிரி கன்னங்கரேல்னு ஒரு திட்டு வந்து வாரா வாரம் பெருசாச்சுன்னா தான் கண்ணாடி விரிசல், அதுக்கு ஸ்க்ரீன் கழட்டி எடுக்க வேற பழைய மெஷின் தேடணும். பச்சை புடிச்ச ஸ்ப்ரிங்க உப்புத்தாள் போட்டு தேய்ங்க, இல்ல மாத்துங்க, அங்க வோல்டேஜ் குறைஞ்சாலும் ஸ்க்ரீன் மங்கலா தான் வரும்.

நிலா_கணக்கு
பையன் பரீட்சைக்கு எடுத்துட்டுப் போற ஐடியா ஏதும் இல்லையே? உள்ள ஒயர் ஒட்டுன மெஷின், அங்கீகரிச்ச மாடல் பட்டியல்ல இருக்கான்னும் பாக்கணும், அப்புறம் ஹால்ல ரீசெட் வேற பண்ணச் சொல்வாங்க.

ஜூரோங்வாசி
இல்லக்கா, அவனுக்கு கலர் 84 இருக்கு, இதப் பாத்து "அப்பா இது என்ன டைனோசர்"ன்னு கேட்டான். இது எனக்கு, இசட்80 அசெம்ப்ளி பழகலாம்னு. எங்க ஆரம்பிக்கிறதுன்னு நீங்க தான் சொல்லணும்.

நிலா_கணக்கு
முதல் ப்ரோக்ராமா அந்த ட்ரைவருக்கு நேரா கான்ட்ராஸ்ட் கமாண்ட் அனுப்பிப் பாருங்க, போர்ட் 10 ஹெக்ஸ். சி0ல இருந்து எஃப்எஃப் வரைக்கும் 64 அளவு இருக்கு, ஸ்க்ரீன் மெதுவா கருத்துட்டு வெளுக்கும். உங்க டி6 ஒயருக்கு அதுவே டெஸ்ட்டும் ஆச்சு. ஒவ்வொரு தடவை அனுப்புறதுக்கு நடுவுலயும் கொஞ்சம் காத்திருக்கணும், ட்ரைவர் ப்ராசசர விட மெதுவு, அவசரப்பட்டா குப்பையா வரும். மத்தத தனி இழைல பேசலாம், இங்க மாமா ஏற்கெனவே ஆர்எஸ்ஏக்கு போயிட்டாரு.

புதுவரவு_22
எல்லாருக்கும் வணக்கம், முழுசா படிச்சேன். என்கிட்ட ஹெச்பி 48ஜி இருக்கு, ஸ்க்ரீன்ல ரெண்டு படுக்கை கோடு. இதே மாதிரி திறக்கலாமா?

ஈயப்பொடி
அதுல ஸ்க்ரூவே கிடையாதுங்க, பிளாஸ்டிக் ரிவெட்ட உருக்கி ஒட்டியிருப்பாங்க, திறந்தா திரும்ப அதே மாதிரி மூடுறது கஷ்டம். கத்தி எடுக்குறதுக்கு முன்னாடி தனி இழை போட்டு ஃபோட்டோ போடுங்க, கோடு எல்லா ஸ்க்ரீன்லயும் அதே இடத்துல நிக்குதான்னு மறக்காம எழுதுங்க.